பெட்டியில் வந்த இலை, கடையில் வாங்கிய புட்டி, மருத்துவமனை மாத்திரை: நியூயார்க்கின் மேற்கு ஆப்பிரிக்கர்கள் எதை எப்போது தேர்வது?

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், மால்கம் எக்ஸ் பெருவீதிக்கும் ஃபிரெடரிக் டக்ளஸ் பெருவீதிக்கும் இடைப்பட்ட 116ஆம் தெருவைச் சுற்றியுள்ள இடத்துக்குச் 'சின்ன செனகல்' என்று பெயர். அங்குள்ள மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைக்கும் பாமாயில் டின்னுக்கும் பக்கத்திலேயே தேநீர்போல் காய்ச்சிக் குடிக்கும் கின்கெலிபா இலை கட்டுக் கட்டாகவும், பிஸாப் என்று அவர்கள் அழைக்கும் புளிச்சக்கீரை இனச் செடியின் உலர்ந்த சிவப்புப் புல்லிதழ்களும், முருங்கைப் பொடியும், கருஞ்சீரக எண்ணெயும் இருக்கும். ஆற்றைக் கடந்து பிராங்க்ஸுக்குப் போனால், கானா நாட்டவரின் கடைகளில் சூப்பில் போடும் பிரெகெஸே நெற்றும், கஷாயத்துக்கான பட்டையும் வேரும் கிடைக்கும். உணவுக்கு ஓர் அலமாரி, மருந்துக்கு ஓர் அலமாரி என்று பிரித்து வைக்காத கடைகள் இவை. சுக்கையும் மிளகையும் சமையலுக்கும் சளிக்கும் ஒரே டப்பாவிலிருந்து எடுக்கும் நமக்கு அந்த அடுக்குமுறை புரியாத ஒன்றல்ல.

இந்தக் கடைகளுக்கு வரும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கானாவின் குமாசியிலிருந்து வந்து பிராங்க்ஸில் குடியிருக்கும் ஐம்பது வயதுக்காரர். இரவில் டாக்சி ஓட்டுகிறார். இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கிறது, சர்க்கரையும் எல்லையைத் தொட்டுவிட்டது. அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஊரிலிருந்து வருபவர் பெட்டியில் கொண்டுவரும் இலையையும் பட்டையையும் நம்பலாம், இங்குள்ள கடையில் பொடியாகவோ புட்டியாகவோ வாங்கலாம், மூலிகையை அடியோடு விட்டுவிட்டு மருத்துவமனை மாத்திரையை மட்டும் விழுங்கலாம், இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நடைமுறையில் பலர் தேர்வது நான்காவது வழிதான், அதுவும் மருத்துவரிடம் சொல்லாமல். என் கணிப்பில் நான்கிலும் ஆபத்து மிகுந்தது அந்தச் சொல்லாமை. மூலிகையா மாத்திரையா என்று பொதுவில் கேட்டால் விடை கிடைக்காது. முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும், அதன்பின் மூலிகை எந்தக் கையிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அவர் ஏன் சொல்வதில்லை என்பதை அறியாமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கானாவில் மூலிகை மருத்துவம் ஒளிந்து செய்யும் காரியம் அன்று. எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பியவரும் பெயர்பெற்ற சிற்பியுமான டாக்டர் ஓகூ அம்போஃபோவின் முயற்சியால், 1975இல் மாம்போங் அக்குவாபெமில் மூலிகை ஆராய்ச்சிக்கென்றே அரசு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. பாரம்பரிய மருத்துவர்களை முறைப்படுத்தும் சட்டம் 2000இல் வந்தது. குமாசியில் உள்ள குவாமே இங்க்ருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூலிகை மருத்துவத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு உண்டு. அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் மூலிகைப் பிரிவும் இயங்குகிறது. அங்கே வெளிப்படையாகச் சீட்டு எழுதி வாங்கியதை, பிராங்க்ஸின் மருத்துவமனைப் படிவத்தில் 'உணவுச் சத்துப் பொருள்கள் ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று ஒரு வரியில் கேட்டால், அவர் 'இல்லை' என்றுதான் எழுதுவார். காலையில் குடிக்கும் கஷாயம் அவர் மனத்தில் சத்துப் பொருளாகவும் இல்லை, மருந்தாகவும் இல்லை. அது வீட்டு வழக்கம். கேள்வியே தவறாக அமைந்திருக்கும்போது பொய் சொன்னார் என்று அவர்மேல் குறைகூற முடியாது.

முதலில் காய்ச்சல். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. ஊருக்குப் போய்த் திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், எந்த நாட்டுக்குப் போய் வந்தோம் என்பதைச் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 பேருக்கு மலேரியா கண்டறியப்படுகிறது. பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் நோய் அது, உறவினரைப் பார்க்கப் போய் வந்தவர்கள் அதில் பெரும்பங்கு. கானாவில் மலேரியாவுக்கு நிபிமா வேரைக் கஷாயமாக்கிக் குடிக்கும் வழக்கம் உண்டு. அதிலுள்ள கிரிப்டோலெபின் என்ற பொருள் மலேரியா ஒட்டுண்ணியை எதிர்ப்பது ஆய்வகங்களில் தெரிந்ததே. ஆனால் பல ஆண்டுகள் நியூயார்க்கில் வாழ்ந்தவர் உடம்பில், ஊரில் இருந்தபோது இருந்த பகுதி எதிர்ப்புச் சக்தி தேய்ந்துபோயிருக்கும். அம்மா கொடுத்த கஷாயம் அன்று அவரைக் காத்தது என்றால், அந்தக் காவலில் பாதி அவர் உடம்பினுடையது. ஃபால்சிபேரம் வகை மலேரியா ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. 2020 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடும் மலேரியாவுக்கு அனுமதித்த ஆர்ட்டெசுனேட் ஊசி மருத்துவமனையில் மட்டுமே கிடைக்கும்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு கிளைச்செய்தி. நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கும் பிரம்மதண்டின் கஷாயத்தை, மாலி நாட்டு ஆய்வாளர்கள் சாதாரண மலேரியாவுக்கு நவீன மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மலேரியா மிகுந்த சிற்றூர்ப் பகுதியில் அது முதல் உதவியாகப் பயன்படலாம் என்று தெரிந்தது. அதே செடியின் விதையெண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து, 1998இல் தில்லியில் பலரை உடம்பு வீங்கும் நீர்க்கோவை நோயில் தள்ளிக் கொன்றது. செடி ஒன்றே, எந்த உறுப்பு, எந்த அளவு, எந்த ஊர், யார் கண்காணிப்பு என்பவைதாம் மருந்தையும் நஞ்சையும் பிரித்தன. மாலியில் வெளியான முடிவைப் பிராங்க்ஸ் வீட்டுச் சமையலறைக்குத் தூக்கிவர முடியாததற்குக் காரணம் இதுதான்.

இரத்த அழுத்தம் வேறு கதை. இங்கே உண்மையான ஒப்பீட்டுக்கு இடமிருக்கிறது. செனகலில் பிஸாப், கானாவில் சொபோலோ, நைஜீரியாவில் ஸோபோ என்று வழங்கும் அந்தச் சிவப்புப் பானம் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 65 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7.2 புள்ளி குறைந்தது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 புள்ளிதான் குறைந்தது. அவர்கள் அனைவரும் அழுத்தம் எல்லையில் இருந்தவர்கள் அல்லது சிறிதே உயர்ந்தவர்கள், அப்போது மாத்திரை எடுக்காதவர்கள். மேல் அழுத்தம் 135 உள்ளவருக்கு ஏழு புள்ளி பெரிய உதவி. 180 உள்ளவருக்கு அது 173 ஆகும். பக்கவாதம் அந்த எண்ணுக்கும் வரும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆய்வில் கொடுத்த பானமும் விருந்தில் கொடுக்கும் பானமும் ஒன்றல்ல. கடையில் புட்டியில் விற்பதிலும் விருந்தில் ஊற்றுவதிலும் சர்க்கரை தாராளம். சர்க்கரை எல்லையில் நிற்கும் நம் டாக்சி ஓட்டுநர், அழுத்தத்துக்கு என்று அதைக் குடித்தால் ஒரு கையால் அணைத்த நெருப்பை மறு கையால் ஊதுகிறார். பிரெகெஸே நெற்றும் அப்படித்தான்: அழுத்தத்துக்கு நல்லது என்று போடுகிற நெற்று, உப்பு மிகுந்த சூப்புக் கட்டிகள் இரண்டோடு சேர்ந்து கொதிக்கும்போது, கட்டிகளை விட்டுவிட்டு நெற்றை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது. இனிப்பில்லாத பிஸாப், கட்டியில்லாத சூப்பு என்றால் எனக்கு மறுப்பில்லை.

மாத்திரையின் பக்கம் வருவோம். மேற்கு ஆப்பிரிக்கர் பலர் அழுத்த மாத்திரையை நடுவில் நிறுத்துவதற்குக் காரணம் நம்பிக்கைக் குறைவு மட்டும் இல்லை. லிஸினோபிரில் வகை மாத்திரைகள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைத் தருகின்றன. உதடும் நாக்கும் திடீரென்று வீங்கும் ஆபத்தான எதிர்வினை ஆப்பிரிக்க வழி வந்தவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் நேர்கிறது. தனித்துக் கொடுத்தால் அவ்வகை அவர்களுக்குக் குறைவாகவே வேலை செய்வதால், அம்லோடிபின் வகையையோ சிறுநீர் பிரிக்கும் வகையையோ முதலில் தருமாறு அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்லிவந்துள்ளன. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தைத் தரும். பகலில் தூங்கி இரவில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கையில் உட்காருபவருக்குச் சிறுநீர் மாத்திரை என்ன துன்பம் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவை ஒவ்வொன்றும் மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கான காரணம். ஆனால் மாற்றிக் கேட்கலாம் என்பதே அவருக்குச் சொல்லப்படாவிட்டால், அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக்குப் போவார். இலை இருமல் தராது, கால் வீங்காது, ஆகவே அதுதான் நல்ல மருந்து என்ற முடிவுக்கும் வருவார். அழுத்தமோ வலியில்லாத நோய். கூடியதும் குறைந்ததும் உடம்புக்குத் தெரியாது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், வீட்டில் அளக்கும் கருவி ஒன்று இருந்தாக வேண்டும் என்பது என் நிபந்தனை.

சர்க்கரை நோயில் கணக்கு இன்னும் நுட்பமானது. பாகற்காய், கசப்பிலை என்ற கசப்புக் கீரை, முருங்கை ஆகிய மூன்றும் மேற்கு ஆப்பிரிக்க வீடுகளில் சர்க்கரைக்கு என்று புழங்குகின்றன. முருங்கை நம் மண்ணிலிருந்து போனது. செனகலில் அதை நெபெதாய் என்கிறார்கள், 'ஒருபோதும் சாகாது' என்ற ஆங்கிலச் சொற்றொடரின் திரிபு என்று விளக்கம் சொல்வார்கள். பாகற்காய் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு, சர்க்கரை நோய்க்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. எனினும் சற்றுக் குறைக்கும் குணம் இருக்கக்கூடும் என்பதாலேயே சேர்க்கையில் கவனம் வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு மீறித் தாழ்வது அரிது. ஆகவே குழம்பிலோ பொரியலிலோ கசப்பிலையும் பாகற்காயும் சேர்வதில் பெரிய ஆபத்து இல்லை. கிளிப்பிஸைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அவற்றோடு அடர்கஷாயமும் குடித்துவிட்டு இரவில் வண்டியை எடுத்தால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கண் மங்குவது பாலத்தின் நடுவில் நேரலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதுபோன்ற எச்சரிக்கை உண்டு: கீரைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைத் தளர்த்தும் என்பதால், கீரையை ஒரு வாரம் குவித்தும் மறுவாரம் விட்டும் உண்ணாமல் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, மூலிகை எங்கிருந்து வருகிறது என்பது. படித்தவர்கள் பொதுவாகக் கொள்ளும் எண்ணம், ஊரிலிருந்து செய்தித்தாளில் சுற்றி வந்த இலை ஆபத்தானது, எண்ணும் முத்திரையும் ஒட்டிய புட்டி பாதுகாப்பானது என்பது. நான் ஏறக்குறைய எதிராகவே நினைக்கிறேன். முழு இலையை, நெற்றை, பூவை அறிந்த கண் அடையாளம் காணும். ஐம்பது வருடம் கசப்பிலையைக் கழுவிப் பிழிந்து சமைத்த மாமியார் பையைத் திறந்ததுமே இது அது அன்று என்று சொல்லிவிடுவார். பொடியாக்கிவிட்டால் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லை. பல சரக்கைக் கலந்து காய்ச்சிப் புட்டியில் அடைத்துவிட்டால் மூக்குக்கும் வேலை இல்லை. ஆகவே ஒற்றைச் செடி, முழு வடிவில், உணவாகவும் உண்ணப்படுவது என்றால் பெட்டியில் வந்த இலைக்கே என் முதல் வாக்கு. விமான நிலையச் சுங்கத்தில் அதை எழுதிக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் செடி சார்ந்த எதையும் அறிவிக்காமல் கொண்டுவருவது தண்டத்துக்குரியது, அறிவித்தால் ஆய்வுக்குப்பின் அனுமதிக்கலாம் அல்லது எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

புட்டியில் உள்ள எண் என்ன சொல்கிறது? கானாவின் உணவு மருந்து ஆணைய எண்ணோ, நைஜீரியாவில் அதே வேலையைச் செய்யும் நஃப்டாக் அமைப்பின் எண்ணோ இருந்தால், அந்தப் பொருள் அந்த நாட்டில் பதிவானது என்று பொருள். அச்சு உண்மையானதா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் அந்த எண்ணுக்குச் சட்ட மதிப்பு இல்லை. இங்கே தயாரித்த புட்டிக்கும் நிலை பெரிதாக மாறாது: 1994ஆம் ஆண்டின் உணவுச் சத்துப் பொருள் சட்டப்படி, அவற்றை விற்பதற்கு முன் பாதுகாப்பையும் பயனையும் அரசிடம் நிறுவ வேண்டியதில்லை. லண்டனின் பெக்கமில் வாழும் நைஜீரியருக்கு இந்த வகையில் வசதி ஒன்று கூடுதல். பிரிட்டனில் பாரம்பரிய மூலிகைப் பதிவு முத்திரை பெற்ற பெட்டியில் தரமும் பாதுகாப்பும் சரிபார்க்கப்பட்டிருக்கும், பயன் மட்டும் நீண்ட கால வழக்கத்தின் பேரில் ஏற்கப்பட்டிருக்கும். பிராங்க்ஸில் அப்படி நம்பிப் பார்க்க அரசு முத்திரை ஒன்றும் இல்லை.

புட்டிகளில் எதை வாங்கவே கூடாது என்று கேட்டால், ஆண்மைக்கு என்று விற்பதை முதலில் சொல்வேன். 'முழுதும் மூலிகை' என்று எழுதிய இத்தகைய பொருள்களில் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதை அறியாமல் குடித்தால் அழுத்தம் சரிந்து உயிர்போகலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள ஆணுக்கு இந்தப் புட்டியின் ஆசை அதிகம் எழும் என்பதும், அவருக்கே அது மிகவும் ஆகாது என்பதும் சேர்ந்து வருவது கொடுமை. 'பிட்டர்ஸ்' என்ற பெயரில் வரும் கசப்புத் திரவங்களில் பல சாராயத்தில் ஊறியவை. வண்டி ஓட்டுபவர் புட்டியில் ஒட்டிய விவரச்சீட்டைப் படிக்காமல் குடிக்கலாகாது.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நான் வேறு அளவுகோல் வைக்கிறேன், சுருக்கமாகவே சொல்கிறேன். கானாவில் அயிலோ என்றும் இக்போ மொழியில் ன்ஸு என்றும் பெயர்கொண்ட வெள்ளைக் களிமண் கட்டியை மசக்கைக்குக் கடித்துத் தின்னும் வழக்கம் உண்டு. அதில் ஈயம் இருப்பதைப் பிரிட்டனும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமும் கண்டு எச்சரித்துள்ளன. நைஜீரியாவின் டிரோ என்ற கண்மை 2011இல் பாஸ்டனில் ஒரு கைக்குழந்தையின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றியது. இவற்றை ஆப்பிரிக்கரின் குறை என்று நாம் சொல்லிக்கொள்ள வழியில்லை: 2011-12இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை கண்டறிந்த ஆறு கர்ப்பிணிகளின் ஈய நஞ்சுக்கு இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளே காரணம். பென்டுவா எனப்படும் ரப்பர் எனிமாவில் இஞ்சியையும் மிளகாயையும் கரைத்துக் குழந்தைக்கு ஏற்றுவதையும் இதே பட்டியலில் வைக்கலாம்.

மருந்து என்று ஒரே பெயரில் வழங்கினாலும் இந்த ஒப்பீட்டுக்குள் அடங்காத ஒன்று உண்டு. செனகல், மாலி, கினி நாட்டு முஸ்லிம்கள் பலர், மராபூ என்ற சமயகுருவிடம் போய், மரப்பலகையில் மையால் எழுதிய திருக்குர்ஆன் வசனங்களைக் கழுவிய நீரை வாங்கிவருவார்கள். வொலோஃப் மொழியில் அதற்கு ஸாஃபரா என்று பெயர். கரியையும் பிசினையும் கொண்டு செய்த மையாக இருக்கும்வரை அந்த நீரால் உடம்புக்குத் தீங்கு வர வழியில்லை. அதைக் குடிக்க வேண்டாம் என்று மருத்துவர் சண்டை பிடித்தால், நோயாளி அடுத்த முறை எதையுமே சொல்ல மாட்டார். மாத்திரையை நிறுத்தச் சொல்லாத மராபூவோடு மருத்துவருக்கு வழக்கு எதற்கு?

மருத்துவமனை மட்டும் என்ற மூன்றாவது வழிக்குத் தடையாக இருந்தவற்றில் பணம் முதன்மையானது. காப்பீடு பெறத் தகுதியில்லாதவர்களுக்கும், குடியுரிமைத் தாள் இல்லாதவர்களுக்கும், நகரப் பொது மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்திலோ கட்டணமின்றியோ சிகிச்சை தரும் 'என்ஒய்சி கேர்' திட்டம் 2019 ஆகஸ்டில் முதன்முதலாகப் பிராங்க்ஸில்தான் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இலவசமாகக் கேட்கலாம். மேற்கு ஆப்பிரிக்க மொழியான சோனின்கே பேசும் பெண்ணுக்கு அவர் மகனோ கணவனோ மொழிபெயர்த்தால், மூலிகையைப் பற்றிய பேச்சு வந்தாலும், வீட்டார்முன் சொல்லத் தயங்குபவை மறைந்துபோகும். ஆகவே வீட்டாரை விட்டு வெளியாளைக் கேட்பதே நல்லது.

ஆக, நம் ஓட்டுநருக்கு நான் சொல்லக்கூடியது நான்காவது வழியின் திருத்திய வடிவம். மாத்திரை தொடர வேண்டும். பிடிக்காவிட்டால் வகையை மாற்றிக் கேட்க வேண்டும். சர்க்கரை போடாத பிஸாப் குடிக்கலாம், கசப்பிலையைச் சாப்பாட்டில் சேர்க்கலாம். கலவைப் புட்டியும் பெயரில்லாத பொடியும் வீட்டுக்குள் வர வேண்டாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கஷாயச் சரக்கைப் பையோடு எடுத்துப் போய் மேசையில் வைக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் பொருள் இருக்கும். அறுவை சிகிச்சை ஏதும் முடிவானால் அடர்கஷாயங்களை இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். அடுத்த முறை குமாசிக்குப் புறப்படும்போது, அங்கே செலவாகும் நாள்களுக்கும் கூடுதலாகச் சில வாரங்களுக்கும் அழுத்த மாத்திரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பிறந்த ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு என்று தோன்றினாலும், மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் அதற்குரிய நாளிலேயே தொடங்கிவிட வேண்டும்.